டிஜிட்டல் பூட்டு வாங்கப் போகிறீர்களா?

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து பிரிண்டர் பற்றிக் கேட்பார்கள் என்றுதான் நினைப்போம். இப்போது பலர் கேட்பது வாசல் கதவுக்கான டிஜிட்டல் பூட்டு பற்றி. "இந்த மாடலில் ஐந்து வசதி இருக்கிறது, அதில் ஏழு இருக்கிறது, எதை வாங்கலாம் சார்?" என்று விலைப்பட்டியலோடு வருகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசதிகளை எண்ணிப் பூட்டு வாங்காதீர்கள். அது திறக்க மறுக்கும் நாளில், வீட்டில் உள்ள வயதானவர் எப்படி உள்ளே போவார் என்று கேட்டு வாங்குங்கள்.

இப்படிச் சொல்லக் காரணம் என் பெரியம்மா. மார்த்தாண்டம் பக்கம் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வளைகுடாவில். விடுமுறையில் வந்த தம்பி, கைரேகை, எண், மொபைல் போன் என மூன்று வழிகளில் திறக்கும் பூட்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். சாவித் துவாரம் கிடையாது. ஐப்பசி மழையில் ஒரு மாலை கடைக்குப் போய்த் திரும்பிய பெரியம்மாவின் விரலைப் பூட்டு ஏற்கவில்லை. எண்ணை நாலைந்து முறை தப்பாக அழுத்தியதும், பூட்டு சில நிமிடம் எதையும் ஏற்காமல் நின்றுவிட்டது. தம்பி வேலையில்; போன் அணைத்து வைத்திருந்தான். நான் பைக்கில் போய்ச் சேர்ந்து, அவனைப் பிடித்து எண் கேட்டுத் திறந்தபோது மணி எட்டரை. இரண்டு மணி நேரம் நனைந்த சேலையோடு படிப்புரையில் உட்கார்ந்திருந்தார். பூட்டு பழுதாகவில்லை. அந்த வீட்டுக்குப் பொருந்தாத பூட்டு, அவ்வளவுதான்.

இனி ஒவ்வொரு வகையாகப் பார்க்கலாம்.

கைரேகை: விரலில் உள்ள மேடு பள்ளங்களைப் படித்து, முன்பே பதிந்து வைத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை இது. ரேகை தேய்ந்திருந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. நம் மாவட்டத்தில் முந்திரி ஆலையில், நம் பேச்சில் அண்டி ஆபீசில், பல வருடம் வேலை பார்த்த பெண்கள் ஏராளம். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலையே அரித்துவிடும். பெரியம்மாவின் கையும் அப்படிப்பட்டதுதான். ரேஷன் கடைக் கருவி உங்கள் அம்மாவின் விரலை நாலு முறை வைக்கச் சொல்கிறது என்றால், வாசல் பூட்டும் அதையேதான் செய்யும். ஈர விரலுக்கும் இதே கதி. இன்னொரு செய்தி: 2002ல் ஜப்பானில் சுடோமு மட்சுமோட்டோ என்ற ஆய்வாளர், ஜெலட்டினால் செய்த போலி விரலை வைத்து அன்றைய கைரேகைக் கருவிகள் பலவற்றை ஏமாற்றிக் காட்டினார். பின்னர் வந்த கருவிகள் முன்னேறியவைதான். ஆனாலும் கைரேகை என்றால் அசைக்க முடியாத காவல் என்று நினைக்க வேண்டாம்.

எண்: நாலு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்புகள். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம். ஆனால் தினமும் அழுத்தும் நாலு பட்டன்களில் மட்டும் விரல் கறை படிந்திருந்தால், திருடன் முயற்சி செய்ய வேண்டியது வெறும் 24 வரிசைகள்தான். எனவே ஆறு இலக்கம் வையுங்கள். பட்டன்களை அடிக்கடி துடையுங்கள். சில மாடல்களில் சரியான எண்ணுக்கு முன்னும் பின்னும் வேறு எண்களைச் சேர்த்து அழுத்தலாம். பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் எண் புரியாது. இது நல்ல வசதி. பிறந்த வருடத்தை மட்டும் எண்ணாக வைத்துவிடாதீர்கள்.

இன்டர்நெட்: துபாயிலிருந்தே கதவைத் திறக்கலாம் என்பதுதான் இந்த வகையின் விளம்பரம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போனும் சரியாகக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் துபாயிலிருந்து வரும் கட்டளை உங்கள் கதவை வந்து சேராது. அதே 2017ல், ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம் இன்டர்நெட் வழியாகத் தவறான சாஃப்ட்வேர் அப்டேட் ஒன்றை அனுப்பியதால், சுமார் 500 பூட்டுகளில் எண் பட்டன்கள் வேலை செய்யாமல் போயின. உங்கள் கம்ப்யூட்டர் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு மக்கர் செய்தால் காலையில் மெக்கானிக்கை அழைக்கலாம். வாசல் கதவு மக்கர் செய்தால் இரவு எங்கே தூங்குவீர்கள்?

பேட்டரி: பெரும்பாலான மாடல்கள் சாதாரண ஏ.ஏ. பேட்டரியில் ஓடுபவை. எனவே கரண்ட் போனாலும் பூட்டு இயங்கும். பேட்டரி தீரப்போகும்போது எச்சரிக்கை ஒலி வரும். அதை அலட்சியம் செய்தால்தான் வம்பு. வெளிப்பக்கத்தில் 9 வோல்ட் பேட்டரியையோ பவர் பேங்கையோ இணைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அல்கலைன் பேட்டரியே போடுங்கள். சார்ஜ் செய்யும் வகையில் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் கிடைக்கும் என்பதால், அளவு குறைவதைப் பூட்டு சரியாகக் கணிக்காது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். அங்கே பேட்டரி முனைகளை அடிக்கடி திறந்து பாருங்கள்.

கதவு: நம் பழைய வீடுகளில் இரட்டைக் கதவு அதிகம். டிஜிட்டல் பூட்டுகளில் பல, ஒற்றைக் கதவுக்காகச் செய்யப்பட்டவை. பணம் கட்டும் முன் கதவின் கனத்தை அளந்து, போட்டோவோடு கடையில் காட்டுங்கள். தாத்தா காலத்துப் பலாமரக் கதவில் ஒரு முறை ஓட்டை போட்டால் போட்டதுதான்.

இத்தனை சொன்னதால் டிஜிட்டல் பூட்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி எண் கொடுத்து, அவர் நின்றதும் அதை அழித்துவிடலாம். சாவி தொலைந்தால் பூட்டையே மாற்றும் செலவு மிச்சம். அட்டையைக் காட்டினால் திறக்கும் வசதி வயதானவர்களுக்கு மிகவும் எளிது. இவை உண்மையான பயன்கள்.

என் தேர்வு இதுதான்: எண், அட்டை, சாவித் துவாரம் மூன்றும் உள்ள, இன்டர்நெட் இல்லாத சாதாரண மாடல். கைரேகை கூடவே வந்தால் வரட்டும். அதை மட்டும் நம்ப வேண்டாம். கம்ப்யூட்டரில் முக்கியமான பைலுக்கு பேக்கப் எடுக்கச் சொல்கிறோம் அல்லவா? வாசல் பூட்டுக்கு பேக்கப் சாவிதான். அந்தச் சாவியை பீரோவுக்குள் பூட்டி வைக்காமல், நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

பெரியம்மா வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டோம். இப்போது அட்டை அவர் பர்சில் இருக்கிறது. சாவி அடுத்த வீட்டில். நீங்களும் புதுப் பூட்டு மாட்டிய அன்றே வீட்டின் மூத்தவரை வெளியே நிற்க வைத்து, யார் உதவியும் இல்லாமல் திறக்கச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால் அது நல்ல பூட்டு.