மாத்திரைக்கு நம்பர் உண்டு... நோய்க்கு?

பாண்டிச்சேரியில் பல வீடுகளுக்கு பிரான்ஸ் சொந்தம் உண்டு. பாரீஸிலிருந்து லீவுக்கு வரும் மாமா லேப் ரிப்போர்ட்டை நீட்டுகிறார். சுகர் 1.26. ‘அட, ஒண்ணே கால்தானா!’ என்று அவர் இலையில் இன்னொரு ஜாங்கிரியை வைத்துவிடாதீர்கள். அங்கே கணக்கு லிட்டருக்கு இத்தனை கிராம். நம் ஊர் ரிப்போர்ட்டில் அதுவே 126. லண்டன் சித்தப்பாவுக்கு 7. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் என்றால், மூன்றுமே சர்க்கரை நோயின் எல்லைக்கோடு.

‘டாக்டருக்குத் தெரியாதா?’ என்பீர்கள். தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே! ‘எம்.எஸ்.’ என்று எழுதினால் அது இதய வால்வு சுருக்கமா, நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸா என்று திருதிருவென விழிக்கும்.

2020 ஆகஸ்ட் 15-ல் தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கத்தை ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கினார்கள். அதில் புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பரில் அது நாடு முழுக்கப் போனது. ஆளுக்கொரு 14 இலக்க ‘ஆபா’ எண். சந்தோஷம். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவருக்கு என்ன நோய் என்பதை ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஷையில் எழுதினால், எண்ணை வைத்து என்ன செய்வது?

பொது பாஷை இல்லாமல் இல்லை. ‘ஸ்னோமெட் சி.டி.’ என்ற சர்வதேச மருத்துவச் சொல்தொகுப்பில் இந்தியா 2014-லேயே உறுப்பினர். புனே சி-டாக் மூலம் உள்நாட்டில் இலவசம். மாரடைப்பு, ஹார்ட் அட்டாக், எம்.ஐ... எப்படிச் சொன்னாலும் அதில் ஒரே எண்: 22298006. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2016 தரநிலையும் இதைத்தான் சொல்கிறது.

‘ஓ.பி. கூட்டத்தில் டாக்டர் நம்பர் தேடிக்கிட்டிருக்க முடியுமா?’ வேண்டாம் சார். அவர் வழக்கம்போல எழுதட்டும். நம்பரைச் சாப்ட்வேர் ஒட்டட்டும். மருந்து கம்பெனியின் ஜி.எஸ்.டி. பில்லில் மாத்திரைக்கு 3004 என்று விழுகிறதே, பில் போடுகிறவர் மனப்பாடமா செய்தார்? வரி வசூலிக்க நாடு முழுக்க ஒரே பாஷை பேச முடிகிறது. உயிரைக் காப்பாற்ற முடியாதா?

விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ் ஏறி பாண்டி ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவரை நினைத்துப் பாருங்கள். பழைய ரிப்போர்ட் புரியவில்லை என்றால் மறுபடி டெஸ்ட். ஒருநாள் கூலி போச்சு. ‘பென்சிலின் ஒத்துக்காது’ என்று ஓர் ஆஸ்பத்திரி பதிந்தது இன்னோர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்குப் புரியாவிட்டால், போவது கூலி மட்டுமல்ல.

டிஸ்சார்ஜ் சம்மரியில் நோய்க்கும் ஒவ்வாமைக்கும் பொது எண் இல்லையா? அரசுக் காப்பீட்டுப் பணம் கிடையாது என்று ஓர் உத்தரவு போட்டுப் பாருங்கள். பணம் கேட்கும்போது ஆபரேஷனுக்கு கோடு நம்பர் போடத் தெரிந்தவர்களுக்கு, இதுவும் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்!