காற்றோடு போகும் பொதுப்பணம்

கழிவுநீரைத் தூய்மையாக்குதல் பொறியியலாளருக்கே உரிய விடயம்; கலைப்பீடத்தாருக்கு அதில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். அவ்வேலைக்கான மின்கட்டணத்தை இறுதியிற் சுமப்போர் பொதுமக்களே என்பது அவர்களுக்கு எமது விடை.

1914ஆம் ஆண்டு மன்செஸ்ரரில் ஆர்டேனும் லொக்கெற்றும் வெளிப்படுத்திய முறையே இன்றும் உலகெங்கும் பெரிதும் கையாளப்படுகின்றது. கழிவுநீருட் காற்றைச் செலுத்த, நுண்ணுயிர்கள் அதன் ஒட்சிசனைக் கொண்டு அழுக்கை உண்டு தீர்க்கின்றன. இத்தகைய நிலையங்கள் பலவற்றில் மொத்த மின்சாரத்தின் அரைப்பங்கோ அதற்கு மேலோ இக்காற்றூட்டலுக்கே செலவாகின்றது.

இச்செலவு தவிர்க்கமுடியாதது என்பது சோம்பலின் வாதம். பெருங்குமிழி விரைந்தெழுந்து, தான் கொணர்ந்த ஒட்சிசனின் பெரும்பகுதியை வானுக்கே திருப்பிக் கொடுக்கின்றது. நுண்குமிழி மெல்ல எழுகின்றது; அதே அளவு காற்றுக்கு அதன் மேற்பரப்பும் பெரிது. எனவே அதே மின்சாரத்துக்கு ஏறத்தாழ இருமடங்கு ஒட்சிசன் கரைகின்றது.

கூடுதலாக ஊதுவதே பாதுகாப்பு என்பாருமுளர். 30 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் தூய நீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனையே ஏற்கும். நுண்ணுயிர்களுக்குப் பொதுவாக 2 மில்லிகிராம் போதும். அதனை 4 ஆக உயர்த்தி வைப்பின், கரைதலை உந்தும் இடைவெளி 5.5இலிருந்து 3.5 ஆகச் சுருங்கும். அதே ஒட்சிசனைக் கரைக்க ஒன்றரை மடங்கிற்கு மேற்பட்ட காற்று வேண்டும். குளிர்நீர் கூடுதலான ஒட்சிசனை ஏற்குமாதலால், இவ்விழப்பு வெப்பநாடாகிய நமக்கே மிகுதி.

அறிவியல் வழிகாட்டியும் நாம் நகராமைக்குக் காரணம் யாது? மலிந்த பொறியைத் தெரிவதும், அது இருபது ஆண்டுகளில் விழுங்கும் மின்சாரத்தைக் கணக்கிடாது விடுவதுமாகிய கேள்விப்பத்திர மனப்பான்மையே. நுண்துளைத் தட்டுகள் அடைபடும், துப்புரவு வேண்டும் என்பது மெய்தான். ஆனால், துப்புரவுக்கான கூலி நம்மவர் கைக்கே வரும்; வீணாகும் மின்சாரத்துக்கான எரிபொருளோ அந்நியச் செலாவணியை உண்ணும். 2022இன் மின்வெட்டுகளை அனுபவித்தோருக்கு இதனை விளக்கவும் வேண்டுமா?

கட்டணம் தாங்காது ஊதுபொறி நிறுத்தப்படும் நாளில் அழுக்கு ஆற்றுக்கே செல்லும். அவ்வாற்றை நம்பி வாழும் வறியோரே முதலில் நோயுறுவர். ஆகவே, பொறிகளை வாங்குமுன் அவற்றின் ஆயுட்கால மின்செலவு கணிக்கப்படல் வேண்டும். ஒரு கனமீற்றர் நீருக்கு எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்பதை ஒவ்வொரு நிலையமும் ஆண்டுதோறும் மக்களுக்கு அறிவித்தல் வேண்டும். இவ்விரண்டையும் கேட்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. குடிமகன் என்ற உரிமையே போதும்.