அண்ணாச்சி மெயிலே போதுமா?

திருநெல்வேலி பேட்டையில் ஆன்லைன் விண்ணப்பம் என்றால் பலருக்கும் ஜெராக்ஸ் கடைதான். ம.தி.தா. இந்துக் கல்லூரி மாணவருக்குக் கல்வி உதவித்தொகை, அரசு ஐ.டி.ஐ. முடித்தவருக்குத் தொழிற்பழகுநர் பதிவு, சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவருக்கு ஜி.எஸ்.டி., வீட்டில் இருந்து படிக்கிற பெண்ணுக்கு டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவு என்று எல்லாம் அங்கேதான் நடக்கும். படிவத்தில் மின்னஞ்சல் கேட்கும் கட்டம் வந்ததும் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். "மெயில் ஐடி இருக்கா?" இல்லை என்றோ, இருக்கு ஆனால் பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்றோ பதில் வரும். "சரி, நம்ம கடை மெயிலப் போட்டுருதேன்" என்பார். வரிசையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து நாமும் தலையாட்டுவோம்.

கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. அன்றைக்கு வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் பிறகு வருகிறது. சில வருஷம் கழித்து யாராவது, "அந்தக் கணக்குல உன் மெயில மாத்திக்கிடு" என்று சொன்னால், "அண்ணாச்சி மெயிலே இருக்கட்டும், மாத்தப் போனா உள்ளதும் போயிரும்" என்கிறோம். பேட்டையில் மட்டுமல்ல, ஊர் உலகமெங்கும் நிலவும் எண்ணம் இது. இதற்குத் துணையாகச் சொல்லப்படும் ஐந்து காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"ஒருதரம் குடுத்தா குடுத்ததுதான், மாத்தவே முடியாது"

பெரும்பாலான இடங்களில் இது உண்மையில்லை. வருமான வரித் தளத்தில் உள்ளே நுழைந்து சுயவிவரப் பக்கத்திலேயே மின்னஞ்சலை மாற்றலாம். புதிய முகவரிக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் மாறிவிடும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், அமேசானிலும் பல வங்கிச் செயலிகளிலும் இதற்கென்று இடம் இருக்கிறது. "கூகுளே மாத்த விடமாட்டேங்கான்" என்பது நெடுநாள் வாதம். ஜிமெயில் முகவரியை மாற்ற வழியில்லாமல் இருந்தது மெய்தான். ஆனால் 2025 கடைசியில் அந்த வசதியையும் படிப்படியாகத் திறப்பதாகக் கூகுளின் உதவிப் பக்கம் சொன்னது. அப்படி மாற்றினாலும் பழைய முகவரிக்கு வரும் கடிதங்கள் அதே பெட்டிக்கு வந்து சேரும்.

சட்டமும் மாற்றத்தை எதிர்பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169ஆம் பிரிவு நோட்டீஸ் சேர்ப்பிக்கும் வழிகளில் ஒன்றாக மின்னஞ்சலைக் குறிப்பிடுகிறது. பதிவின்போது கொடுத்த முகவரி, அல்லது அவ்வப்போது திருத்தப்பட்ட முகவரி என்று அதிலேயே இருக்கிறது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தன் 12ஆம் பிரிவில், தன்னைப் பற்றிய விவரத்தைத் திருத்தவும் புதுப்பிக்கவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன.

"மெயில மாத்துனா கணக்கே போயிரும்"

கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் உள்ள உறவைப் பிழையாகப் புரிந்துகொண்டதால் வரும் பயம் இது. ஒரு தளத்தின் தரவுக்கிடங்கில் உங்கள் கணக்குக்கு என்று தனியாக உள் எண் இருக்கும். பான், ஜி.எஸ்.டி. எண், பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். போன்றவை அதோடு சேர்ந்தவை. மின்னஞ்சல் அந்த வரிசையில் ஒரு கட்டம், அவ்வளவே. கட்டத்தில் இருப்பதை மாற்றினால் வரிசை அழியாது. கட்டிய வரியும், தாக்கல் செய்த கணக்கும், எழுதிய தேர்வின் மதிப்பெண்ணும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கணக்கு உண்மையில் போவது வேறு விதமாக. "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்பதை அழுத்தினால் புதிய கடவுச்சொல் வைப்பதற்கான இணைப்பு, பதிவான மின்னஞ்சலுக்குத்தான் போகிறது. அந்தப் பெட்டியைத் திறக்க முடிந்தவர் உங்கள் கணக்கையும் திறக்கலாம். திறக்க முடியாதவர், கணக்கு தன் பெயரில் இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். ஆக, மாற்றாமல் விடுவதுதான் கணக்கைப் பறிகொடுக்கும் வழி.

"அண்ணாச்சியே எல்லாம் பாத்துக்கிடுவாரு"

வாதங்களிலேயே வலுவானது இதுதான், ஏனென்றால் இதில் நம்பிக்கை கலந்திருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கே முறியும் என்பதற்கு இந்திய அரசே எழுத்தில் ஒரு சான்று வைத்திருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாடெங்கும் சிறு வணிகர்கள் அவசர அவசரமாகப் பதிவு செய்தார்கள். வணிகர்கள் அமர்த்திய இடைத்தரகர்கள் பலர் தங்கள் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையுமே படிவத்தில் கொடுத்துவிட்டார்கள். பின்னால் கணக்கு விவரத்தைக் கேட்டால் தர மறுக்கிறார்கள் என்று வணிகர்களிடம் இருந்து புகார்கள் வந்தன. 2018இல் நிதி அமைச்சகம் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு ஒரு வழிமுறையையும் அறிவித்தது.

அந்த வழிமுறை, இப்போது இந்த நிலைமையில் சிக்கியிருக்கும் எவருக்கும் பயன்படும். வணிகர் தம் ஜி.எஸ்.டி. எண்ணுக்குரிய வரி அதிகாரியிடம் நேரில் போக வேண்டும். எந்த அலுவலகம் என்பதை ஜி.எஸ்.டி. தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். தொழில் தம்முடையது என்பதற்கான ஆவணங்களைக் காட்ட வேண்டும். வந்தவர் உண்மையிலேயே அந்தத் தொழிலின் பங்குதாரரா, கையொப்பமிடும் அதிகாரம் உள்ளவரா என்று அதிகாரி சரிபார்ப்பார். பிறகு ஆவணத்தைத் தளத்தில் ஏற்றி, வணிகரின் புதிய மின்னஞ்சலையும் எண்ணையும் பதிவார். புதிய மின்னஞ்சலுக்குப் பயனர் பெயரும் தற்காலிகக் கடவுச்சொல்லும் வரும். முதல் முறை உள்ளே போனதும் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். இடைத்தரகரின் தயவு எந்தக் கட்டத்திலும் தேவையில்லை.

பங்குச் சந்தையில் இந்தச் சிக்கலை இன்னும் முன்பே பார்த்துவிட்டார்கள். 2011 ஆகஸ்டில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட சுற்றறிக்கை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி மின்னஞ்சலும் எண்ணும் பதிவாக வேண்டும் என்றது. தரகரின் ஊழியருடையதையோ துணைத் தரகருடையதையோ வாடிக்கையாளர் பெயரில் ஏற்றக் கூடாது என்றும் தடுத்தது. ஒரே குடும்பத்தாருக்கு மட்டும் விலக்கு. பரிவர்த்தனைத் தகவல் தரகர் பெட்டிக்கே போனால், தம் பெயரில் தரகர் என்ன செய்தார் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. அதைத் தடுக்கத்தான் இந்த விதி.

நல்ல மனிதரிடமே ஒப்படைத்திருந்தாலும் ஆபத்து குறைவதில்லை. கடை கைமாறும், அவர் ஊர் மாறுவார், வேலைக்கு வைத்திருந்த பையனுக்கும் அந்தக் கடவுச்சொல் தெரிந்திருக்கும். ஒரே பெட்டியில் ஊரார் அத்தனை பேருடைய கடிதமும் குவிந்தால் உங்கள் நோட்டீஸ் அவர் கண்ணில் படுமா என்பதே சந்தேகம். 2020 ஆகஸ்டில் வருமான வரியில் முகமற்ற மதிப்பீடு தொடங்கிய பிறகு அதிகாரி வீட்டுக்கு வருவதில்லை, நோட்டீஸ் கணினி வழியே வருகிறது. அதற்குப் பதில் சொல்ல நாள் கெடு உண்டு. கெடு முடிந்த பிறகு அண்ணாச்சியிடம் கேட்டு என்ன பயன்? வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர் நம்மில் யாரும் இல்லை. மின்னஞ்சல் விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

"மெயில யாரு பாக்கா? போன் நம்பர் இருக்கே"

நம் ஊரில் ஓ.டி.பி. பெரும்பாலும் கைப்பேசிக்குத்தான் வருகிறது, சரி. ஆனால் கைப்பேசி எண் நிரந்தரம் இல்லை. தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத பிரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்தக் காத்திருப்புக் காலத்தைத் தெரிவித்தது. பழைய எண்ணில் இருக்கும் தன் விவரங்களை அகற்றிக்கொள்வது சந்தாதாரர் பொறுப்பு என்றது நீதிமன்றம். ரீசார்ஜ் செய்ய மறந்த ஒரு சிம், சில மாதத்தில் முன்பின் தெரியாதவர் கையில் ஒலிக்கலாம்.

பிள்ளைகள் துபாய்க்கும் சவூதிக்கும் வேலைக்குப் போயிருக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஊர் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்காவிட்டால் ஓ.டி.பி. அங்கே போய்ச் சேராது. மின்னஞ்சலுக்கு அந்தத் தடை இல்லை, எந்த நாட்டில் திறந்தாலும் திறக்கும். எண் தொலைந்தால் மின்னஞ்சல் கைகொடுக்கும், மின்னஞ்சல் பூட்டிக்கொண்டால் எண் கைகொடுக்கும். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விடுகிறவருக்கு இரண்டாவது வழி என்று ஒன்று இல்லாமல் போகிறது.

வங்கி விஷயத்தில் இது பணமாகவே வந்து நிற்கும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, எஸ்.எம்.எஸ். எச்சரிக்கையோடு மின்னஞ்சல் எச்சரிக்கைக்கும் வாடிக்கையாளரைப் பதியச் சொல்லும்படி வங்கிகளுக்குச் சொன்னது. வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இல்லாமல் வெளியில் எங்கோ நடந்த மோசடியில் பணம் போனால், வங்கித் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பில்லை என்றும் அது வகுத்தது. தகவல் அண்ணாச்சி கடைப் பெட்டிக்குப் போனால் அந்த 3 நாளில் உங்களுக்கு என்ன தெரியும்?

"பழைய மெயில் அது பாட்டுக்குக் கெடக்கட்டும்"

சும்மா கிடக்காது. 2 ஆண்டு தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற கொள்கையைக் கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. யாஹூ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 12 மாதம் பயன்படுத்தாத பயனர் பெயர்களை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப் போவதாக 2013இல் அறிவித்தது. பழைய ஆளின் ஃபேஸ்புக் கடவுச்சொல் இணைப்பு புதிய ஆளுக்குப் போய்விடுமே என்ற கவலை எழுந்தது. அதைத் தடுப்பதற்கென்றே மின்னஞ்சல் தலைப்பில் ஒரு புதிய குறிப்பை உருவாக்க வேண்டி வந்தது. 2014இல் அது இணையத் தரநிலையாகவே வெளியானது.

கல்லூரி கொடுத்த முகவரியும் வேலை செய்த நிறுவனத்தின் முகவரியும் நாம் வெளியேறியதும் பூட்டப்படும். சொந்த டொமைன் வைத்திருந்த கடை அதைப் புதுப்பிக்காமல் விட்டால் விலை கொடுப்பவர் யாரும் வாங்கலாம். வாங்கியவருக்கு அந்த முகவரிகளுக்கு வரும் கடிதங்களும் சேர்ந்து வரும்.

பயத்தில் உண்மை எவ்வளவு?

மாற்ற வேண்டாம் என்பவர்கள் சொல்வதில் இரண்டு விஷயம் சரி. ஒன்று, கணக்கைத் திருடுகிறவன் முதலில் செய்வதே மின்னஞ்சலை மாற்றுவதுதான். அதனால்தான் நிறுவனங்கள் இதற்குக் காவல் வைத்திருக்கின்றன. முகவரி மாறினால் பழைய முகவரிக்கு இன்ஸ்டாகிராம் தகவல் அனுப்பி, மாற்றத்தைத் திரும்பப் பெற வழி தருகிறது. மீட்பு மின்னஞ்சலை மாற்றினாலும் பழையதற்கே சரிபார்ப்பு எண் அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் 7 நாள் வரை வைத்திருக்கலாம். பாதுகாப்பு விவரங்களை மொத்தமாக மாற்றினால் மைக்ரோசாஃப்ட் 30 நாள் காக்க வைக்கிறது. மாற்றியவர் நீங்கள் என்றால் இந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மாற்றாதபோது இப்படி ஒரு கடிதம் வந்தால் உடனே செயல்படுங்கள்.

இரண்டு, சில இடங்களில் மெய்யாகவே கதவு மூடியிருக்கிறது. நீட், ஜே.இ.இ. விண்ணப்பங்களில் திருத்தம் செய்ய நாள் ஒதுக்கினாலும் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் திருத்தப் பெரும்பாலும் விடுவதில்லை. பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு விண்ணப்பம் போடும் முன்பே சொந்த மின்னஞ்சல் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

செய்ய வேண்டியது

முதலில் உங்கள் பெயரில், உங்கள் எண்ணோடு, வருஷக்கணக்கில் வைத்திருக்கப்போகிற ஒரு மின்னஞ்சலைத் திறந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பழைய பெட்டி திறக்கிற வரைக்கும்தான் இந்த வேலை சுலபம், ஆகையால் தள்ளிப்போடாதீர்கள். வங்கி, வருமான வரி, ஜி.எஸ்.டி., பி.எஃப். முதலில், மற்றவை பிறகு. ஒவ்வொன்றிலும் புதிய முகவரிக்கு வரும் உறுதிக் கடிதத்தைப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஓ.டி.பி.யை நீங்களே போடுங்கள், வாய்விட்டுச் சொல்லாதீர்கள். போனில் கூப்பிட்டு "மெயில மாத்தித் தாரோம்" என்கிறவர் எவரானாலும் இணைப்பைத் துண்டியுங்கள். பழைய பெட்டியைச் சில மாதம் மூடாமல் வைத்து, எந்தத் தளம் இன்னும் அங்கே எழுதுகிறது என்று கவனியுங்கள்.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும் ஒரு விண்ணப்பம். மெயில் இல்லை என்று ஒருவர் சொன்னால் அவர் பெயரில் ஒன்று திறந்து, கடவுச்சொல்லை அவரையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு வாங்கினாலும் தப்பில்லை. உங்கள் மெயிலை மட்டும் போடாதீர்கள்.