அலாரம் ஊமையாகாமல் இருக்க

சென்னைக்கு வடக்கே புதுவாயலைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகள் வந்துவிடும். இத்தகைய ஆலைகளின் கணினிகளில் வெப்பநிலையைப் படிப்பது ஒரு புரோகிராம், திரையில் காட்டுவது இன்னொன்று, அளவு மீறினால் அலாரம் அடிப்பது வேறொன்று என வேலையைப் பிரித்துவைப்பது வழக்கம். ஒன்றின் நினைவகத்தை மற்றது தொட ஆபரேட்டிங் சிஸ்டம் விடாது என்பதால் தகவலைக் கைமாற்றத் தனி ஏற்பாடு வேண்டும். பொதுவான ஒரு நினைவகப் பகுதியை ஒதுக்கி, எல்லா புரோகிராம்களும் அதிலேயே எழுதிப் படிக்கலாம். அல்லது பைப், மெசேஜ் க்யூ வழியாகத் தகவலின் பிரதியை அனுப்பலாம். மென்பொருள் வாங்கும் ஆலைகள் இரண்டாவதையே ஒப்பந்தத்தில் கேட்க வேண்டும்.

பொது நினைவகத்தின் ஆபத்துக்கு ஓர் உதாரணம் உண்டு. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மின்கம்பிகள் மரங்களில் உரசியது ஒரு காரணம். ஆனால் ஓஹியோவின் ஃபர்ஸ்ட்எனர்ஜி கட்டுப்பாட்டு அறையில் அலாரம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஊமையாகக் கிடந்ததும், அது அங்கிருந்தவர்களுக்கே தெரியாததும்தான் நிலைமையைக் கைமீற வைத்தன. பொதுவான ஒரு தரவுப் பகுதியில் இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் எழுதிவிட, அலாரம் முடிவில்லாத சுழலில் சிக்கிக்கொண்டது. ஒரு புரோகிராம் எழுதும்போது மற்றதைத் தடுக்க லாக் இருக்கிறதே என்பார்கள். எல்லா புரோகிராம்களும் ஒழுங்காக மதித்தால்தான் லாக் காப்பாற்றும். மதிக்காத புரோகிராமை ஆபரேட்டிங் சிஸ்டம் தடுப்பதில்லை. சோதனையில் பிடித்துவிடலாம் என்பதும் பலிக்காது. மொத்தம் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியும் தலைகாட்டாத பிழை அது என்று மென்பொருளைத் தயாரித்த ஜெனரல் எலெக்ட்ரிக் தரப்பே சொன்னது.

பிரதி எடுத்தால் வேகம் குறையாதா? 200 சென்சார்கள், ஒவ்வொன்றும் 8 பைட், நொடிக்கு 10 முறை என்று வைத்தாலும் வெறும் 16,000 பைட்தான். கணினிக்கு அது ஒரு சுமையே இல்லை. கேமரா விஷயம் வேறு. 1920க்கு 1080 அளவுள்ள ஒரு வண்ணப் படமே ஏறத்தாழ 62 லட்சம் பைட். நொடிக்கு 30 படம் என்றால் பொது நினைவகம் நியாயம்தான். அங்கும் எழுதுவது ஒரே புரோகிராமாக இருக்கட்டும், படம் தயார் என்ற செய்தி பைப்பில் போகட்டும்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். படிக்கும் புரோகிராம் தாமதித்தால் அது நிரம்பி, எழுதும் புரோகிராம் நின்றுவிடும். திரை மெதுவானதற்காக உலையைப் படிப்பது நிற்கலாமா? கூடாது. அதனால் திரைக்குப் போகும் பழைய அளவைக் கைவிடலாம், அலாரத்துக்குப் போவதைக் கைவிடக்கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்து எழுத வேண்டியிருக்கும். மென்பொருள் எழுதுபவருக்கு இது கூடுதல் வேலைதான். பொது நினைவகத்திலோ பழைய அளவின்மேல் புதியது ஏறிவிடும். ஒன்று தொலைந்ததே அலாரத்துக்குத் தெரியாது.