ஆட்டக்காரரா, ஆசிரியரா?

"நன்றாக ஆடுபவர் விடுதியிலேயே இருக்க, காசு கொடுத்து ஆசிரியரிடம் போவானேன்?" என்று ஸ்நூக்கர் பழகும் தோழர்கள் கேட்கின்றனர். நானும் ஓராண்டு அப்படித்தான் எண்ணியிருந்தேன். கைதேர்ந்த அண்ணன் ஒருவர் அன்போடு ஆடிக் காட்டினார். அவர் அடித்தால் பந்து குழியில் விழுந்தது; நான் அடித்தால் விழவில்லை. ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு பயிற்சியாளர் ஒருவரிடம் சென்றேன். முதல் நாள் குழியையே மறக்கச் சொன்னார். வெள்ளைப் பந்தை மேசையின் நடுவே நேராக அடித்து, அது எதிர் விளிம்பில் பட்டுக் கோலின் நுனிக்கே திரும்புகிறதா என்று பார்க்கச் செய்தார். ஒவ்வொரு முறையும் பந்து வலப்புறம் விலகிற்று. என் கோல் பந்தின் நடுவில் படவில்லை என்பது அன்றுதான் விளங்கிற்று.

ஆடும் திறன் வேறு. பிறர் பிழையைக் காணும் திறன் வேறு. இரண்டும் ஒருவரிடமே அமைவதும் உண்டு. 1958இல் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ், பயிற்சியாளருக்குரிய துரோணாச்சாரியர் விருதை 1996இல் பெற்றார். ஆனால் அத்தகையோர் சிலரே.

ஆகவே தோழர்களே, அடிப்படையை ஆசிரியரிடம் கற்போம். பின்னர் வல்லவரோடு ஆடித் தேறுவோம். கட்டணம் தனியொருவருக்குச் சுமைதான். நம் சங்கமே மாதம் ஒருமுறை பயிற்சியாளர் ஒருவரை அழைத்தால் என்ன?