அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன்

ஜூலை மாதம் பிறந்தால் இங்கே மருத்துவமனைத் தாழ்வாரங்களில் புதுச் சுவரொட்டிகள் தொங்கும். ‘உதவி கேட்பது பலவீனம் இல்லை’ என்று ஒரு வாசகம், பக்கத்தில் கறுப்பின இளைஞர் ஒருவரின் படம். எழுத்தாளர் பீபி மூர் கேம்ப்பெல்லின் பெயரால் 2008 முதல் அமெரிக்காவில் ஜூலை சிறுபான்மையினர் மனநல மாதமாக அனுசரிக்கப்படுகிறது. தன் குடும்பத்துக்குள்ளேயே மனநோயைப் பார்த்து, லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பினக் குடும்பங்களைத் திரட்டி ஓர் ஆதரவு அமைப்பைக் கட்டியவர் அவர். 2006-ல் காலமானார். அவருக்கு ஒரு மாதம் என்ன, ஆண்டு முழுவதையும் கொடுக்கலாம். எனக்குச் சண்டை அந்தச் சுவரொட்டிகளோடுதான்.

கறுப்பின மக்களுக்கு மனநலம் பற்றி விவரம் போதாது, வெட்கப்படுகிறார்கள், எடுத்துச் சொன்னால் வந்துவிடுவார்கள் என்று அவை சொல்லாமல் சொல்கின்றன. நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். அட்லாண்டாவின் தென்மேற்குப் பகுதியில் ஒரு சமூக மனநல மையத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களுக்கு விவரம் தெரியாமல் இல்லை. தங்கள் கஷ்டத்தை வெளியே சொன்ன தாத்தாவுக்கும் மாமாவுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் என்ன நடந்தது என்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தயங்குகிறார்கள்.

பேரனைத் தனியாக வளர்க்கும் பாட்டி ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே சொல்கிறேன். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஃபோன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. கைப்பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. நான் பேனாவை எடுத்ததும் கேட்டார்: “ஏம்மா, நீ எழுதுறதை யார் யாரெல்லாம் படிப்பாங்க?” அதற்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது: “அழுதேன்னு எழுதினா பிள்ளையைக் கொண்டு போயிடுவாங்களா?” பேனாவை மூடி வைத்தேன். கோப்பை யார் பார்க்கலாம், யார் பார்க்க முடியாது, எந்தெந்த நிலைமையில் நான் வெளியே சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அன்றைய நேரம் முழுவதும் அதிலேயே போயிற்று. தூக்கத்தைப் பற்றி அடுத்த வாரம்தான் பேசினோம். அந்த முதல் நாளை வீண் என்று நினைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், சிகிச்சை தொடங்கியதே அன்றைக்குத்தான்.

அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் மில்லெட்ஜ்வில் என்ற ஊர் வந்துவிடும். 1842-ல் அங்கே ஜார்ஜியா மாநிலத்தின் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1960-களில் ஏறத்தாழ 12,000 பேர் அதற்குள் அடைந்து கிடந்தார்கள். உலகிலேயே மிகப் பெரிய மனநோய் விடுதிகளில் ஒன்றாக இருந்தது. கறுப்பினத்தவருக்குத் தனிக் கட்டடங்கள். உள்ளேயே இறந்து அந்த வளாகத்தில் புதைக்கப்பட்டவர்கள் 25,000 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். குழிகளின் மேல் பெயர் கிடையாது. எண் போட்ட சின்ன இரும்பு முளைதான் அடையாளம். புல் வெட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்த முளைகளிலும் ஏராளமானவற்றைப் பிற்பாடு பிடுங்கிப் போட்டார்கள். எந்த எண் எந்தக் குழிக்கு உரியது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. சேட்டை பண்ணும் பிள்ளையை ‘மில்லெட்ஜ்வில்லுக்கு அனுப்பிடுவேன்’ என்று மிரட்டுவது ஜார்ஜியாவில் பல தலைமுறைப் பழக்கம். என்னிடம் வரும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களிடம் போய் ‘உதவி கேட்பது பலவீனம் இல்லை’ என்று படம் காட்டினால் எப்படி இருக்கும்?

இன்னொரு திசையில், அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி. 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஆய்வு நடத்தியது. 399 பேருக்கு மேகநோய். அவர்களிடம் ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டும் சொன்னார்கள். பென்சிலின் வந்து அந்த நோய் குணமாகக்கூடியதாக ஆன பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1997-ல்தான் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். மனநல மருத்துவத்தின் கணக்கு அதைவிடப் பழையது. அடிமைகள் எஜமானனிடமிருந்து தப்பி ஓடும் ஆசையையே ஒரு மனநோய் என்று 1851-ல் எழுதினார் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர். விடுதலை விரும்பியவனுக்குப் பைத்தியப் பட்டம்!

பழைய கதை என்று இவற்றை ஒதுக்கினாலும், 2015 மார்ச் மாதத்தை என்ன செய்வது? அட்லாண்டாவை ஒட்டிய டிகால்ப் கவுண்டியில் ஆந்தனி ஹில் என்ற இளைஞர். விமானப் படையில் இருந்து ஆப்கானிஸ்தான் போய் வந்தவர். இருதுருவ மனநோய் இருந்தது. அடுக்ககத்தில் துணியில்லாமல் நடந்துகொண்டிருக்கிறார் என்று போலீஸுக்கு ஃபோன் போயிற்று. வந்த போலீஸ்காரர், கையில் எதுவுமே இல்லாத அவரைச் சுட்டுக் கொன்றார். 2019-ல் நீதிமன்றம் அந்த அதிகாரியைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, கொடுந்தாக்குதல் முதலான குற்றங்களுக்குத் தண்டித்தது. மகனுக்கு நிலை தவறினால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாய் யோசிக்கிறாள் என்றால் அவள் இதை எண்ணித்தான் யோசிக்கிறாள். மனநல நெருக்கடிக்கென்று 988 என்ற தனி எண் 2022 ஜூலையில்தான் வந்தது.

இவ்வளவையும் தாண்டி ஒருவர் துணிந்து ஃபோனை எடுத்தால்? ஹெதர் குகல்மாஸ் என்ற சமூகவியல் ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். நியூயார்க்கில் 320 தெரபிஸ்டுகளுக்கு, பேச்சு வழக்கிலேயே இனமும் வர்க்கமும் தெரியும்படி குரல்பதிவுகள் அனுப்பப்பட்டன. நடுத்தர வர்க்க வெள்ளையராகப் பேசியவர்களில் 28 சதவீதம் பேருக்கு நேரம் ஒதுக்கினார்கள். அதே காப்பீடு, அதே பிரச்சினை சொன்ன நடுத்தர வர்க்கக் கறுப்பினத்தவருக்கு 17. உழைக்கும் வர்க்கத்தவராகப் பேசியவர்களுக்கு, எந்த இனமானாலும், 8. ஆய்வு 2016-ல் வெளிவந்தது. யார் யாரைத் தள்ளி வைக்கிறார்கள் என்று இதன் பிறகும் சந்தேகம் இருக்க முடியுமா?

வெட்கம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. இருக்கிறது, உயிரைக் குடிக்கவும் செய்கிறது. ‘வீட்டு விஷயம் வீட்டோடு’, ‘அதெல்லாம் வெள்ளைக்காரங்க சமாச்சாரம்’, ‘ஜெபம் பண்ணு, சரியாயிடும்’: மூன்றையும் நான் வாரம் தவறாமல் கேட்கிறேன். ஆண் பிள்ளை அழக் கூடாது, பெண் எதையும் தாங்க வேண்டும். அமெரிக்காவில் 5 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளில், வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகள் தற்கொலையில் இறக்கும் விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2018-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த வரியைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. மௌனம் கலைந்தே ஆக வேண்டும். ஆனால் அதைக் கலைக்கும் பொறுப்பை முதலில் யார் எடுப்பது என்பதில்தான் என் கருத்து மாறுபடுகிறது. தெரபிஸ்ட்தான் எழுந்து அவர்களிடம் போக வேண்டும்.

போய்க் காட்டியவர்கள் உண்டு. 1946-ல் நியூயார்க்கின் ஹார்லெமில், புனித பிலிப் ஆலயத்தின் நிலவறையில் லஃபார்க் கிளினிக் என்று ஒன்று தொடங்கினார்கள். ஜெர்மனியில் பிறந்த மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் தலைமை. எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் உறுதுணை. கறுப்பினத்தவரும் வெள்ளையருமாகச் சம்பளம் வாங்காத மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் மாலை வேளைகளில் வந்து உட்கார்ந்தார்கள். கட்டணம் 25 சென்ட். இடத்தைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஆலயத்தின் படியில் இறங்குகிறவரைப் பார்த்து யாரும் பைத்தியம் என்று சொல்லப் போவதில்லை. நோயாளிகளுக்குச் செவி கொடுத்ததோடு அவர்கள் நிற்கவும் இல்லை. பள்ளிகளில் இனப் பிரிவினை குழந்தைகளின் மனதை எப்படிச் சிதைக்கிறது என்று, டெலவேர் மாநிலப் பிள்ளைகளைப் பரிசோதித்து வெர்தாம் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பிரிவினைப் பள்ளிகளை ஒழித்த 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அடங்கிய வழக்குகளில் அதுவும் ஒன்று. நோயைத் தரும் ஊரையும் சேர்த்துப் பார்த்த மருத்துவம் அது. 1958-ல் மூடப்பட்டது.

இன்று அந்த நிலவறையின் இடத்தில் சலூன் நாற்காலி இருக்கிறது. லொரென்சோ லூயிஸ் சிறையில் இருந்த தாய்க்குப் பிறந்தவர், அழகு நிலையம் நடத்திய அத்தையிடம் வளர்ந்தவர். 2016-ல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்கில் ‘கன்ஃபெஸ் புராஜெக்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முடிதிருத்துபவர்களுக்குக் காது கொடுத்துக் கேட்கவும், எதிரில் இருப்பவரின் வேதனையை மறுக்காமல் ஏற்கவும், தேவைப்படும்போது ஆலோசகரிடம் அனுப்பவும் பயிற்சி தருகிறார்கள். எங்கள் மையத்துக்குப் பக்கத்திலேயே இப்படிக் கற்றுக்கொண்ட ஒருவரின் கடை இருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் அங்கே ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதுண்டு. கறுப்பின ஆண்கள் பலர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நெற்றிக் கோட்டை நேர்செய்ய வந்துவிடுவார்கள். வராமல் போனால் அவருக்குத் தெரியும். திட்டுத் திட்டாக முடி கொட்டியிருந்தால், குளித்து நாளாகியிருந்தால், முதலில் அவர் கைக்குத்தான் தெரியும். “நான் பின்னால நிக்கிறேன், அவங்க கண்ணாடியைப் பார்க்கிறாங்க. என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிடலாம்” என்றார். ஒரு பெரியவர் வேலை போனதைச் சொல்லத் தொடங்கினார். மெஷினை நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும் என்று, கடைக்காரர் வெட்ட முடி இல்லாத இடத்திலேயே அதைச் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தார். எந்தப் பல்கலைக்கழகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

இதற்கு எண்ணிக்கையில் சான்று கேட்பவர்களுக்கு, ரத்த அழுத்த ஆய்வு ஒன்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 52 சலூன்கள், 319 கறுப்பின ஆண்கள். மருந்தாளுநர் சலூனுக்கே வந்து மருந்து கொடுத்த குழுவில் ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி குறைந்தது. டாக்டரிடம் போகச் சொல்லி அறிவுரை மட்டும் கேட்ட குழுவில் 9 புள்ளிதான். 2018-ல் வெளியான அந்த ஆய்வில் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: அறிவுரையோடு நிற்காமல் சிகிச்சையே கடைக்குள் வந்தது.

மனநலத்தில் அந்தப் பாதிதான் இன்னும் நடக்கவில்லை. முடிதிருத்துபவர் ஒருவரைத் தேற்றி என் மையத்துக்கு அனுப்பினால், நாங்கள் பல வாரம் கழித்துத் தேதி கொடுக்கிறோம். அனுப்பியவரின் வாக்குக்குத்தான் அங்கே மதிப்புக் குறைகிறது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டை முழுமையாக விரிவாக்காத மாநிலங்களில் ஜார்ஜியாவும் ஒன்று. மக்கள்தொகையில் ஏறத்தாழ 13 சதவீதம் கறுப்பினத்தவர். நாட்டின் உளவியலாளர்களிலோ அவர்கள் சுமார் 5 சதவீதமே. தன்னைப் போன்ற ஒருவரைத் தேடி அலையும் கறுப்பினப் பெண்களுக்காக அட்லாண்டாவின் உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014-ல் ‘தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்’ என்ற தளத்தைத் தொடங்கி, ஊர் வாரியாகத் தெரபிஸ்டுகளின் பட்டியலைத் தொகுத்தார். அந்தப் பட்டியலை நானே பலருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தொண்டு உள்ளம் எவ்வளவு இருந்தாலும், சலூனிலும் ஆலயத்திலும் உட்காரும் தெரபிஸ்டின் நேரத்துக்குக் காப்பீடு பணம் கொடுத்தால்தான் இது நிலைக்கும். பணத்தைப் பற்றிப் பேசாத விழிப்புணர்வுப் பிரசாரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆலயம் பற்றி ஒரு வார்த்தை. என் சிஎஸ்ஐ வளர்ப்பு இங்கே எனக்குக் கைகொடுத்தது. ‘விசுவாசம் குறைவு’ என்று நோயாளியைக் குற்றம் சொல்லும் போதகர்களோடு நான் வாதாடியிருக்கிறேன். சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துக் கிடந்த எலியாவை தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். ஒரு போதகர் இதைப் பிரசங்கித்துவிட்டு, கடைசியில் தன் சபையைச் சேர்ந்த ஆலோசகரையே முன்னால் அழைத்து நிறுத்தினார். ஆராதனை முடிந்ததும் அவரைச் சுற்றிக் கூட்டம்.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர்களில் கணிசமானோர் வெளிநாட்டில் படித்தவர்கள். அவர்களில் இந்தியர் ஏராளம். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அந்தப் பாட்டிக்கோ ஆந்தனி ஹில்லைப் போன்ற ஒருவருக்கோ எதிரே உட்காரப்போவது நம் ஊர்க் கல்லூரியில் படித்த பிள்ளையாக இருக்கலாம். கடுமையான மனச்சோர்வோடு வரும் கறுப்பினத்தவருக்கு மனச்சிதைவு என்று தவறாக முத்திரை குத்துவது அதிகம் என்று 2019-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. எனக்கு அதில் வியப்பில்லை. கைப்பையை இறக்காமல், எழுதுவதை யார் படிப்பார்கள் என்று கேட்கிறவரிடம் உள்ள ஜாக்கிரதை, வரலாறு தெரியாத டாக்டரின் கண்ணுக்குச் சந்தேக நோயாகத் தெரியும். ரெசிடென்சிக்கு வரும் நம் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முதல் மாதத்திலேயே ஒரு சலூனில் போய் உட்காருங்கள். மில்லெட்ஜ்வில் போன்ற ஓர் இடம் உங்கள் மாநிலத்தில் எங்கே இருந்தது என்று தேடிப் போய்ப் பாருங்கள். கோப்பில் ‘நோயாளி சந்தேகப்படுகிறார்’ என்று எழுத வேண்டி வந்தால், எதைக் கண்டு என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்ன பதிலையும் அதே வரியில் எழுதுங்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வரும் டாக்டர் அந்த வரியை வைத்துத்தான் மருந்து எழுதுவார்.