குழம்பில் இனிப்பு

தமிழ் வீடுகளில் ‘இனிக்கிறது’ என்ற சொல்லுக்கு இடத்திற்கேற்ப இருவேறு பொருள்கள் உண்டு. பாயசத்தைக் குறித்துச் சொன்னால் அது பாராட்டு. குழம்பைக் குறித்துச் சொன்னால் கண்டனம். ‘குழம்பு கொஞ்சம் இனிக்கிறதே’ என்று விருந்தினர் ஒருவர் சொல்லிவிட்டால் சமைத்தவருக்கு அன்றிரவு உறக்கம் வராது. இந்தக் கண்டனத்தை யாதொரு ஆராய்ச்சியுமின்றி நாற்பது ஆண்டுக் காலம் நாங்களும் சொல்லி வந்தோம். தாய்லாந்துக் கோழிக் குழம்பு ஒன்றை வீட்டில் சமைக்கப் புகுந்து, முதல்முறை தோற்று, மறுமுறை ஓரளவு தேறிய பிறகு அப்படிச் சொல்ல நா எழவில்லை. அது ஏன் என்பதை இங்கே சொல்ல விழைகிறோம்.

நாங்கள் கணவன் மனைவி இருவரும் நெல்லைச் சீமையில் ஒரே கல்லூரியில் பணியாற்றுகிறோம். எங்களில் ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்குத் தாவரவியல். சில ஆண்டுகளுக்கு முன் சென்னைக்குச் சென்றிருந்தபோது ஓர் உணவகத்தில் இக்குழம்பை முதன்முதலாக உண்டோம். பட்டியலில் ‘தாய் சிக்கன் கறி’ என்று தமிழில் அச்சிட்டிருந்தார்கள். இங்கே ஒற்று மிகுமா மிகாதா என்று எங்களில் ஒருவர் யோசித்துக்கொண்டிருக்க, ‘பாவம், தாய்க்கோழியையா சமைத்துவிட்டார்கள்?’ என்று மகள் கேட்டாள். வந்த குழம்பு பச்சை நிறத்தில் இருந்தது. தேங்காய்ப்பாலில் சர்க்கரையைக் கரைத்ததுபோல இனித்தது. ஓரளவுக்குப் பிடித்தும் இருந்தது. இதைவிட நன்றாக நாமே செய்யலாமே என்ற எண்ணத்துடன் ஊர் திரும்பினோம்.

2023ஆம் ஆண்டு மே விடுமுறையில் முதல் முயற்சி. அட்டைப்பெட்டியில் வரும் தேங்காய்ப்பால், கடையில் வாங்கிய மசாலா விழுது, தாராளமாக ஓர் அச்சுக் கருப்பட்டி. தாய்லாந்து உணவென்றால் புளிப்பும் வேண்டும் என்று எங்கோ கேட்ட நினைவில் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் பிழிந்தோம். மீன்சாற்றை மட்டும் அதன் வாடைக்கு அஞ்சி விட்டுவிட்டோம். அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தார். ‘ஏல, பாயாசத்துக்குள்ள கோழி விழுந்துட்டோ?’ என்று கேட்டுவிட்டுத் தயிர்ச்சோற்றுக்குப் போய்விட்டார். கோழித்துண்டுகளைத் தனியே எடுத்துக் கழுவி, மிளகுப்பொடி தூவி வறுத்து அன்றைய பொழுதைக் கழித்தோம்.

தோல்விக்குக் காரணம் தேடியபோது முதலில் அகப்பட்டது குழம்பின் பெயர். ‘கேங் கியாவ் வான்’ என்பது அதன் தாய்மொழிப் பெயர். கேங் என்றால் குழம்பு, கியாவ் என்றால் பச்சை, வான் என்றால் இனிப்பு. ‘இனிப்பான பச்சைக் குழம்பு’ என்று நாங்கள் பொருள் கொண்டோம். சென்னைச் சமையற்காரரும் அப்படித்தான் கொண்டிருக்கக் கூடும். ஆனால் இங்கே ‘வான்’ என்ற அடை குழம்பின் சுவையைக் குறிப்பதன்று, பச்சையின் தன்மையைக் குறிப்பது என்றே பெரும்பாலும் விளக்கம் கூறுகிறார்கள். பச்சை மிளகாயின் நிறம் தேங்காய்ப்பாலோடு கலந்து மென்மையுறுகிறதே, அந்த இளம்பச்சைக்கு இடப்பட்ட பெயர் அது. நாம் ‘இன்னிசை’ என்கிறோம். அதை யாரும் நாவால் சுவைத்துப் பார்ப்பதில்லை. தமிழ் கற்பிப்பவர்களுக்கு இது எட்டாமற்போனது வெட்கம்தான்.

மற்றொரு சொல்லையும் கவனித்தோம். மிளகாய்க்கு அவர்கள் வழங்கும் சொல் ‘பிரிக்’. மிளகுக்கோ ‘பிரிக் தாய்’, அதாவது தாய்நாட்டுப் பிரிக். முன்னர் மிளகுக்கு மட்டுமே உரியதாயிருந்த சொல்லைப் புதிதாக வந்த மிளகாய் பறித்துக்கொள்ள, பழைய மிளகு நாட்டுப் பெயரைப் பின்னொட்டிக்கொண்டு நிற்கிறது. நாமும் மிளகை வைத்துத்தான் மிளகாய் என்று பெயரிட்டோம். மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் பிடித்த போர்த்துக்கீசியர் வழியாகவே அது நம் கரைகளுக்கும் அவர்கள் கரைகளுக்கும் வந்தது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. நேற்று வந்த மிளகாயின் உறைப்பை நம் குழம்பின் உயிர் என்கிறோம். ஆனால் இனிப்பை அயலார் வழக்கம் என்று ஒதுக்குகிறோம்.

இனிப்பின் கதை இன்னும் நெருக்கமானது. தாய்மொழியில் சர்க்கரைக்குப் பெயர் ‘நம்தான்’. ‘நம்’ என்பது நீர். ‘தான்’ என்பது பனை. பனைநீரே அவர்களுக்குச் சர்க்கரை. பாங்காக்கிற்குத் தென்மேற்கே உள்ள பெட்சபுரி இன்றும் பனஞ்சர்க்கரைக்குப் பேர்பெற்றது. தேரிக்காட்டுப் பனைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றுமா? அவர்களுடைய பனஞ்சர்க்கரை வெளிர்நிறமும் மென்மையும் உடையது. நம் கருப்பட்டி கரியது, புகைமணம் கொண்டது. ஆகவே அதே அளவில் இட்டால் கருப்பட்டி குழம்பை ஆண்டுவிடும். அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

இரண்டாம் முயற்சியில் விழுதை நாங்களே அரைத்தோம். அரைக் கிலோ கோழிக்கு 12 பச்சை மிளகாய், 6 சின்ன வெங்காயம், 6 பல் பூண்டு, எலுமிச்சைப் புல்லின் வெண்மையான அடித்தண்டு மூன்று, வறுத்த கொத்தமல்லி விதை ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, வெள்ளை மிளகு சிறிது. இஞ்சிக்குப் பதில் அவர்கள் இடுவது நம் பேரரத்தை. நாட்டு மருந்துக் கடைகளில் அது காய்ந்த கட்டையாகக் கிடைக்கும். எங்கள் துறைத் தோட்டத்தில் பச்சையாகவே இருந்தது. கொத்தமல்லித் தழையை ஆய்ந்து நாம் குப்பையில் எறியும் வேரைத்தான் அவர்கள் விழுதில் அரைக்கிறார்கள். நான்கு வேர்களைக் கழுவி இட்டோம். எஞ்சிய ஒன்று, உப்பிட்டுப் பதப்படுத்திய கூனி இறாலின் விழுது. அதற்கு ஈடாக ஒரு தேக்கரண்டி கூனிப்பொடி சேர்த்தோம்.

இதற்கென்று உரிய ஓர் இலை உண்டு. நடுவில் இடை சிறுத்து, ஓரிலை ஈரிலைபோலத் தோன்றும் காட்டு எலுமிச்சை இலை. அது கிடைக்காததால், வேப்பிலைக்கட்டிக்கு நாம் இடிக்கும் நார்த்தந்தளிரைப் பயன்படுத்தினோம். மணம் ஒன்றல்ல, ஆயினும் உறவு தெரிகிறது. இறக்கும்போது தூவும் தழை துளசி அன்று; திருநீற்றுப் பச்சிலையின் இனத்தைச் சேர்ந்தது. குழம்பில் மிதக்கும் சிறு பச்சைக் காய்கள் எவை என்று பார்த்தபோது எங்கள் வீட்டுத் தாவரவியல் பேராசிரியை சிரித்துவிட்டார். அவை நம் சுண்டைக்காய்களே.

தேங்காய்ப்பாலில்தான் நம் வழக்கத்திற்கு நேர்மாறான ஒரு முறையைக் கண்டோம். முதற்பாலை அவர்கள் ‘தலை’ என்றும் அடுத்துப் பிழியும் நீர்த்த பாலை ‘வால்’ என்றும் வழங்குகிறார்கள். நாம் முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்குவோம். கொதித்தால் திரிந்துபோகும் என்று அஞ்சுவோம். அவர்கள் முதற்பாலை முதலிலேயே சட்டியில் ஊற்றி, திரிந்து எண்ணெய் கக்கும்வரை வற்றவைத்து, அந்த எண்ணெயிலேயே விழுதை வதக்குகிறார்கள். நாம் பிழை என்று கருதுவதே அங்கே முறை. அட்டைப்பெட்டிப் பாலில் பிரிந்துபோகாமல் இருக்கப் பொருள்கள் சேர்த்திருப்பார்கள். ஆகவே அது எளிதில் எண்ணெய் விடாது. தேங்காய் துருவிப் பிழிந்துகொள்வதே நல்லது. விழுதின் பச்சை வாடை நீங்கியதும் கோழி, பிறகு இரண்டாம் பால், பிறகு கத்தரிக்காயும் சுண்டைக்காயும்.

இனி இனிப்பிற்கு வருவோம். இம்முறை ஒவ்வொன்றையும் சேர்க்கும் முன்னும் பின்னும் சுவைத்துப் பார்ப்பதென்று முடிவு செய்திருந்தோம். முதலில் உறைப்பு மட்டும் இருந்தது. நாவின் நுனியைத் தாக்கிவிட்டு நின்றுகொண்டது. நெத்திலி போன்ற சிறுமீன்களை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் மீன்சாற்றை இரண்டு மேசைக்கரண்டி விட்டோம். நெத்திலிக் கருவாடு மணக்கும் வீட்டில் இதற்கு அஞ்சியது நகைப்புக்குரியது. இப்போது குழம்பு நிமிர்ந்தது, ஆனால் முரடாக இருந்தது. அதன்பின் நுணுக்கிய கருப்பட்டி ஒரு தேக்கரண்டி. மீண்டும் சுவைத்தபோது குழம்பு இனிக்கவில்லை. முன்பு ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்த உறைப்பும் உப்பும் இணங்கி நின்றன. எலுமிச்சைப் புல்லின் மணம் அப்போதுதான் வெளிப்பட்டது. சுண்டைக்காயின் கைப்பு கடைசியில் வந்து வாயைத் துடைத்துவிட்டது. புளிப்பு வேண்டியிருக்கவில்லை. புளியும் பனஞ்சர்க்கரையும் சேரும் ‘மசமான்’ வேறொரு குழம்பு. முதன்முறை நாங்கள் இரண்டையும் குழப்பியிருந்தோம்.

அம்மா ஐயத்தோடு உள்ளங்கையில் ஒரு துளி வாங்கி நக்கிப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. ‘இது என்ன புதுசு? புளிக்கொழம்புக்கு நான் போடுத துண்டுக் கருப்பட்டிதானல இது!’ என்றார்.

எங்களுக்கு அது தெரியாது. பிறந்தது முதல் அந்தப் புளிக்குழம்பை ஒருவரும், மணமானது முதல் மற்றவரும் உண்டு வருகிறோம். அதில் கருப்பட்டி உண்டு என்பதை அறியாமலே ‘எங்கள் வீட்டுக் குழம்பில் இனிப்பு சேர்க்கும் பழக்கம் இல்லை’ என்று ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறோம். காரக்குழம்பை இறக்குகையில் சுண்டைக்காயளவு வெல்லம் இடும் வீடுகள் தமிழகமெங்கும் உள்ளன. இட்ட கை அறியும். உண்ட வாய் அறியாது. சமையலறைப் பக்கம் போகாமலே சுவையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமையை நாம் எப்படிப் பெற்றோம் என்று அன்று எண்ணத் தோன்றியது.

வகுப்பில் அறுசுவையை அடுக்கிச் சொல்லும்போது அவை ஆறு தனித்தனிக் கிண்ணங்களில் இருப்பதுபோலவே மாணவர்களுக்குச் சொல்லி வந்தோம். கல்யாணப் பந்தியின் இலையும் அதற்கு ஒத்துக்கொடுக்கும். இனிப்பு ஒரு மூலையில், பாகற்காய் மறுமூலையில். உண்மையில் நல்ல சமையல் எங்கும் ஒரே சட்டிக்குள் சுவைகளைப் பழகவிடுகிறது. ஒரு சுவை தன்னைக் காட்டிக்கொள்ளவும் வரலாம், மற்றொன்றைத் தாங்கவும் வரலாம். தாங்க வந்த இனிப்பைத் தன்னைக் காட்ட வந்ததாகக் கருதுவதே நாம் செய்யும் பிழை. சென்னை உணவகம் செய்ததும் அதே பிழையின் மறுபக்கம்தான்.

அவரவர் நாக்கு அவரவர்க்கு என்று நண்பர்கள் சொல்லக்கூடும். மறுக்கவில்லை. தாய்லாந்திலும் எல்லாரும் ஒரே அளவில் இனிப்பு உண்பதில்லை. நடுப்பகுதியில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மிகுதி, தெற்கே உறைப்பு மிகுதி, வடக்கே பல குழம்புகளில் தேங்காய்ப்பாலே கிடையாது. பிடிக்கவில்லை என்று சொல்வது விருப்பம். சமைக்கத் தெரியவில்லை என்று சொல்வது தீர்ப்பு. முன்னதற்கு யாருக்கும் உரிமை உண்டு. பின்னதற்குச் சற்றேனும் கற்றிருக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஓர் அம்மையார், உடுப்பிப் பக்கத்திலிருந்து மணமாகி இவ்வூருக்கு வந்தவர். மதிய வேளையில் ஆசிரியர் அறையில் எல்லாரும் கூடி உண்போம். அவர் கொண்டுவரும் சாம்பார் இனிக்கும். ‘மேடம், சர்க்கரை டப்பா தவறி விழுந்துவிட்டதா?’ என்று எங்களில் ஒருவர் கேட்க, மற்றவரும் சேர்ந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அதன்பின் அவர் எங்கள் மேசைக்குச் சாம்பார் கொண்டுவரவில்லை. எலுமிச்சைச் சோறோ தயிர்ச்சோறோ மட்டும் கொண்டுவந்தார். 2018இல் ஓய்வு பெறும்வரை அப்படித்தான். ஒருவருடைய வீட்டு உணவை மேசையிலிருந்து அகற்றுவதற்கு ஒரு சிரிப்புப் போதும் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. பாயசத்தில் கோழி விழுந்ததா என்று அம்மா கேட்டபோது நாங்கள் அடைந்த சிறுமையை, அவர் பிழையேதும் செய்யாமலே அடைந்திருக்கிறார்.

பச்சைக் குழம்பு இப்போது எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை உண்டு. கருப்பட்டியின் அளவை அம்மாதான் சொல்கிறார். அண்மையில் மங்களூரில் மகள் வீட்டில் இருக்கும் அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்துச் சாம்பாரின் செய்முறையைக் கேட்டோம். அவர் வியப்படைந்தார், எதற்கு என்று கேட்கவில்லை. கொத்தமல்லி விதையை வறுப்பதிலிருந்து பொறுமையாகச் சொன்னார். வெல்லத்தின் அளவை மட்டும் இருமுறை கேட்டு எழுதிக்கொண்டோம்.